காலியிடத்தின் வரலாறு: ரஞ்சிக் கோப்பையிலிருந்து டெஸ்ட் அணிக்கு

ரஞ்சிக் கோப்பையில் மிகுதியான விக்கெட்டுகளை வீழ்த்தியவர் ராஜிந்தர் கோயல். எண்ணிக்கை 637. பட்டியாலா, தில்லி, ஹரியாணா என்று அணி மாறி ஏறத்தாழக் கால் நூற்றாண்டு பந்துவீசிய இந்த இடக்கைச் சுழல்வீச்சாளர் இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட் போட்டியிலும் களமிறங்கவில்லை. அதே கோப்பையில் மிகுதியான ஓட்டங்களை எடுத்தவர் என்ற பெருமை ஒரு காலத்தில் அமர்ஜீத் கேபியிடம் இருந்தது. அவரிடமிருந்து அதைப் பெற்றவர் அமோல் முஜும்தார். இவ்விருவரும் டெஸ்ட் ஆடாதவர்களே. நாட்டின் முதன்மையான உள்நாட்டுப் போட்டியில் மட்டைவீச்சு, பந்துவீச்சு ஆகிய இரண்டின் உச்சச் சாதனைகளும் ஒரே காலத்தில் டெஸ்ட் தொப்பி அணியாதவர்களின் பெயரில் இருந்தன என்பது சற்று நின்று யோசிக்க வேண்டிய செய்தி.

இதற்கு நம்மிடையே இரண்டு விடைகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று, அவர்கள் துரதிர்ஷ்டசாலிகள் என்பது. மற்றொன்று, தேர்வில் அரசியல் புகுந்தது என்பது. முதலாவது எதையும் விளக்குவதில்லை. இரண்டாவது எல்லாவற்றையும் ஒரே சொல்லால் விளக்கிவிடுகிறது. வரலாறு எழுதுவோர்க்கு இரண்டும் போதா. மொழியியல் படித்தவர்க்கு இதில் ஓர் இலக்கணச் செய்தியும் உண்டு. அணித் தேர்வு பற்றிய நம் வாக்கியங்களில் பெரும்பாலானவை செயப்பாட்டுவினையில் அமைகின்றன: 'சேர்க்கப்பட்டார்', 'நீக்கப்பட்டார்', 'பரிசீலிக்கப்படவில்லை'. யாரால் என்று சொல்ல வேண்டிய மூன்றாம் வேற்றுமை எப்போதும் தொக்கி நிற்கும். அந்த இடத்தில் விதியை வைப்பதும் சதியை வைப்பதும் எளிது. நான் அங்கே வைத்துப் பார்க்க விரும்புவது காலியிடத்தை. ஒருவருடைய உள்நாட்டுச் சாதனை எவ்வளவு பெரியது என்பதைக் காட்டிலும், அவர் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் அவருக்குரிய இடம் காலியானதா, காலியான வேளையில் எந்தச் சான்று செல்லுபடியானது என்ற இரண்டு கேள்விகளே அவருடைய வாய்ப்பை முடிவுசெய்தன என்பது என் வாதம்.

தொடக்கத்திலிருந்து பார்ப்போம். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் சென்னைச் சேப்பாக்கத்தில் நடந்தது. மதராஸ் அணியும் மைசூர் அணியும் மோதின. ஒரே நாளில் ஆட்டம் முடிந்தது. மைசூர் 48, 59, மதராஸ் 130. மதராஸின் ஏ.ஜி. ராம்சிங் 19 ஓட்டங்களுக்கு 6, 16 ஓட்டங்களுக்கு 5 என 11 விக்கெட்டுகளைச் சாய்த்தார். இடக்கைச் சுழலோடு நன்றாக மட்டையும் பிடிக்கத் தெரிந்தவர். கோப்பையின் முதல் நாளின் நாயகரான அவர் டெஸ்ட் ஆடவில்லை. கோப்பைக்குப் பெயர் கொடுத்த ரஞ்சித்சிங்ஜியும் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடியவர் அல்லர், இங்கிலாந்துக்காக ஆடியவர் என்பதையும் போகிற போக்கில் நினைவுகூரலாம்.

ராம்சிங்குக்கு ஏன் வாய்ப்பில்லை? 1932இல் லார்ட்ஸில் தொடங்கி 1946இல் இங்கிலாந்துப் பயணம் முடியும் வரையிலான காலம் முழுவதிலும் இந்தியா ஆடிய டெஸ்டுகள் பத்து. போருக்கு முன் ஏழு, பின் மூன்று. 1936 ஆகஸ்டு முதல் 1946 ஜூன் வரை ஒன்றுகூட இல்லை. 1910இல் பிறந்த ஒருவருக்கு அவருடைய இருபத்தாறாம் வயதிலிருந்து முப்பத்தாறாம் வயது வரை கதவே இல்லாத சுவர்தான் எதிரே இருந்தது. ஒப்பீட்டுக்கு, 2024 என்ற ஒரே நாட்காட்டி ஆண்டில் இந்தியா ஆடிய டெஸ்டுகள் பதினைந்து. அந்தச் சொற்பமான பத்திலும் சமஸ்தானச் செல்வாக்குக்கு ஒதுக்கீடு இருந்தது. 1936இல் மூன்று டெஸ்டுகளுக்கும் தலைமையேற்ற விஜயநகரம் மகாராஜகுமார் ஆறு இன்னிங்ஸ்களில் எடுத்தவை 33 ஓட்டங்கள். பதினொருவரில் ஓரிடம் இவ்வாறு முன்கூட்டியே நிரம்பிவிட்டால், போட்டி பத்து இடங்களுக்குத்தான். இக்காலத்தை 'அரசியல்' என்ற சொல்லால் விளக்குவதில் எனக்கு மறுப்பில்லை.

போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் சுவர் திறந்தது, ஆனால் இடைவெளிகள் நீண்டன. 1948 டிசம்பரில் புணேயில் காத்தியாவாடுக்கு எதிராக மகாராஷ்டிரத்தின் பாவ்சாகேப் நிம்பால்கர் ஆட்டமிழக்காமல் 443 ஓட்டங்கள் எடுத்தார். பிராட்மனின் அன்றைய உலகச் சாதனையான 452க்கு ஒன்பது ஓட்டங்கள் குறைவு. தம் அணியின் பெயர் அந்தச் சாதனையோடு சேர்ந்து நிலைப்பதை விரும்பாத எதிரணித் தலைவர் ஆட்டத்தை விட்டுக்கொடுத்து வெளியேறினார். அவர் ராஜ்கோட் சமஸ்தானத்தின் மன்னர். முதல்தர ஆட்டங்களில் இன்றுவரை இந்தியர் ஒருவர் எடுத்த மிக உயர்ந்த எண்ணிக்கை நிம்பால்கரின் 443தான். மேற்கிந்தியத் தீவுகளுடனான தொடரில் அப்போது மூன்று டெஸ்டுகள் எஞ்சியிருந்தன. 1949 பிப்ரவரியில் அது முடிந்தபின், அடுத்த டெஸ்டுக்கு 1951 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நிம்பால்கரும் டெஸ்ட் ஆடவில்லை. இங்கே ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். விஜய் மெர்ச்சன்ட் முதல்தர ஆட்டங்களில் 71.64 சராசரி உடையவர். பிராட்மனுக்கு அடுத்த சராசரி. அவருக்கே 1933 முதல் 1951 வரையிலான பதினெட்டு ஆண்டுகளில் கிடைத்த டெஸ்டுகள் பத்து. உச்சியில் இருந்தவருக்கே பத்து என்றால் அடுத்த படியில் நின்றவரின் நிலையை ஊகிப்பது கடினமன்று.

ராம்சிங்கின் குடும்பத்துக்குத் திரும்புவோம்; அது தலைமுறைகளை ஒப்பிட வசதியாக அமைந்த சான்று. மூத்த மகன் கிருபாள் சிங் 1955 நவம்பரில் ஹைதராபாதில் நியூசிலாந்துக்கு எதிரான தம் முதல் டெஸ்டிலேயே ஆட்டமிழக்காமல் 100 எடுத்தார். மொத்தம் 14 டெஸ்டுகள். மற்றொரு மகன் மில்கா சிங் 18 வயதில் அறிமுகமாகி 4 டெஸ்டுகள் ஆடினார். தந்தைக்குக் கிடைக்காதது பிள்ளைகளுக்குக் கிடைத்தது ஏன்? திறமை கூடியதாலா என்று எவராலும் அறுதியிட முடியாது. டெஸ்டுகள் கூடின என்பது உறுதி. 1954-55இல் மதராஸ் முதன்முறையாக ரஞ்சிக் கோப்பையை வென்றது, தென்மாநில ஆட்டக்காரர்கள் மேல் கண்கள் திரும்பின என்பதும் உறுதி. மூன்றாம் தலைமுறையில், 1989 ஜனவரியில் கோவாவுக்கு எதிராகக் கிருபாளின் மகன் அர்ஜன் கிருபாள் சிங் ஆட்டமிழக்காமல் 302 எடுத்தார். அதே இன்னிங்ஸில் டபிள்யூ.வி. ராமன் 313. தமிழ்நாடு 6 விக்கெட் இழப்புக்கு 912. முச்சதம் அடித்த இருவரில் ராமன் ஏற்கெனவே டெஸ்ட் ஆடியவர். அர்ஜன் கடைசிவரை ஆடவில்லை. பாட்டனாரின் 11 விக்கெட்டுகளும் பேரனின் 302 ஓட்டங்களும் டெஸ்டாக மாறவில்லை; ஆனால் காரணங்கள் வேறுவேறு. பாட்டனார் காலத்தில் டெஸ்டுகளே இல்லை. பேரன் காலத்தில் டெஸ்டுகள் இருந்தன, ஆனால் கோவாவுக்கு எதிரான 302ஐ எந்தத் தேர்வாளரும் முகமதிப்பில் எடுத்துக்கொள்ளவில்லை. கோவா ரஞ்சிக்குள் வந்தே நான்கு பருவங்கள்தான் ஆகியிருந்தன.

முகமதிப்புச் சிக்கலின் வேர் மண்டல முறையில் இருக்கிறது. 1957-58 முதல் 2001-02 வரை அணிகள் தத்தம் மண்டலத்துக்குள் மட்டுமே முதற்கட்டத்தில் மோதின. தென்மண்டலத்தில் ஐந்து அணிகள் இருந்தவரை, அடுத்த கட்டத்துக்குப் போகாத அணியின் ஆட்டக்காரர் ஒரு பருவத்தில் நான்கு ரஞ்சி ஆட்டங்களே ஆடுவார். நான்கு ஆட்டங்களில் தம்மை நிறுவ வேண்டும். அதுவும் ஆண்டுதோறும் அதே எதிரணிகளுக்கு எதிராக. தேர்வுக்குழுவும் மண்டலத்துக்கு ஒருவர் என ஐவரைக் கொண்டது. இந்த ஐவரும் பேரம் பேசினர் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. எத்தனை முறை, யாருக்காக என்று ஆவணம் காட்டி நிறுவுவது கடினம். பேரமே நடக்கவில்லை என்று வைத்துக்கொண்டாலும், ஒரு தேர்வாளர் தம் மண்டல ஆட்டங்களையே அதிகம் பார்த்திருப்பார் என்பதும், பிற மண்டலத்தாரைப் பற்றிய அவருடைய அறிவு எண்களையும் செவிவழிச் செய்தியையும் நம்பியது என்பதும் அமைப்பிலேயே உள்ள குறைகள். லோதா குழுவின் பரிந்துரையை 2016இல் உச்ச நீதிமன்றம் ஏற்றபின் தேர்வாளர் எண்ணிக்கை மூன்றாகக் குறைந்தது. 2018இல் நீதிமன்றமே மீண்டும் ஐவருக்கு அனுமதி அளித்தது. அந்த விவாதத்தின் விரிவு இங்கே வேண்டாம்.

இனி இடக்கைச் சுழல்வீச்சு. இந்த ஒரு தொழிலை மட்டும் எடுத்துக்கொண்டு அரை நூற்றாண்டை நடந்து பார்த்தால் காலியிடத்தின் கணக்கு தெளிவாகப் புலப்படும்.

கோயல் முதல்தர ஆட்டத்தில் அறிமுகமானது 1958-59இல். பம்பாயின் பத்மாகர் ஷிவால்கர் 1961-62இல். முன்னவர் முதல்தர ஆட்டங்களில் 750 விக்கெட்டுகளை 18.58 என்ற சராசரியிலும், பின்னவர் 589 விக்கெட்டுகளை 19.69 என்ற சராசரியிலும் வீழ்த்தினர். அவர்கள் வந்தபோது டெஸ்ட் அணியில் இடக்கைச் சுழலுக்கு பாபு நட்கர்னியும் சலீம் துரானியும் இருந்தனர். இருவருமே மட்டையாளர்களும் ஆவர். நட்கர்னி பம்பாய் அணியிலும் இருந்ததால் ஷிவால்கருக்கு நெருக்கடி இரட்டிப்பு. 1962 ஏப்ரல் முதல் 1964 ஜனவரி வரை இந்தியா டெஸ்டே ஆடவில்லை. 1965 மார்ச்சுக்குப் பின் 1966 டிசம்பர் வரையும் இல்லை. இளமையின் நல்ல ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. 1966 டிசம்பர் 31ஆம் நாள் கல்கத்தாவில் பிஷன் சிங் பேடி அறிமுகமானார். அடுத்த பதின்மூன்று ஆண்டுகளில் 67 டெஸ்டுகள், 266 விக்கெட்டுகள். அந்த இடம் காலியாகவே இல்லை.

பேடியோடு சேர்த்து இன்னோர் இடக்கைச் சுழலரை ஆடவைத்திருக்கக் கூடாதா என்று கேட்பது இயல்பு. ஆடவைத்தார்கள். 1971இல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இந்தியா மேற்கிந்தியத் தீவுகளை முதன்முறையாக வென்ற டெஸ்டில் பேடியும் துரானியும் சேர்ந்தே ஆடினர். ஆனால் துரானி மட்டை பிடிப்பவர். கோயலும் ஷிவால்கரும் வரிசையின் அடியில் இறங்குபவர்கள். தமிழில் 'வரிசை' என்ற சொல் மட்டையாளர் இறங்கும் ஒழுங்கையும் குறிக்கும், காத்துநிற்போர் கூட்டத்தையும் குறிக்கும். முதல் வரிசையில் கடைசியில் நின்றதே இரண்டாம் வரிசையிலும் அவர்களைக் கடைசியில் நிறுத்தியது. எண்களில் பேடிக்கு அருகே நின்றும் தோற்றதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தென்படவில்லை.

ஒரே ஒருமுறை கதவு அசைந்தது. 1974 நவம்பரில் பெங்களூரில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான முதல் டெஸ்டுக்கு, ஒழுங்கு நடவடிக்கையாகப் பேடி நீக்கப்பட்டார். கோயல் அழைக்கப்பட்டார். காலையில் அறிவித்த பதினொருவரில் சந்திரசேகர், பிரசன்னா, வெங்கட்ராகவன் ஆகிய மூன்று சுழல்வீச்சாளர்கள் இருந்தனர்; கோயல் இல்லை. அடுத்த தில்லி டெஸ்டுக்குப் பேடி திரும்பிவிட்டார். இந்நிகழ்ச்சியைக் கோயலின் தனிப்பட்ட சோகமாகவே வழக்கமாக எழுதுகின்றனர். எனக்கு இது காலியிடம் என்பது எவ்வளவு நுட்பமான பொருள் என்பதைக் காட்டுகிறது. பேடியின் இடம் காலியானது. 'இடக்கைச் சுழலின் இடம்' என்று ஒன்று தனியாகக் காலியாகவில்லை. அதை இரண்டாவது வலக்கைச் சுழலர் நிரப்பினார். அந்த வெங்கட்ராகவனின் கதையும் வேடிக்கையானதே: பட்டோடிக்குக் காயம் ஏற்பட்டதால் தில்லி டெஸ்டில் அவர் அணித்தலைவர், அதற்கடுத்த கல்கத்தா டெஸ்டில் பதினொருவரிலேயே இல்லை.

ஷிவால்கரின் திறத்துக்குச் சான்றாக 1972-73 இறுதியாட்டத்தைச் சொல்வதுண்டு. சேப்பாக்கத்தில் சுழலுக்கென்றே அமைந்த ஆடுகளம். வெங்கட்ராகவனும் வி.வி. குமாரும் இருந்த தமிழ்நாடு 80, 61 என்று சுருண்டது. ஷிவால்கர் 16 ஓட்டங்களுக்கு 8, 18 ஓட்டங்களுக்கு 5. ஐந்து நாள் இறுதியாட்டம் மூன்றாம் நாளின் முதல் பந்தில் முடிந்தது. தன் ஊரில், தன் சுழலை நம்பி அமைந்த களத்தில் தமிழ்நாடு தோற்றது இங்கே இன்றும் பழைய ரசிகர்களுக்கு ஆறாத வடு. பம்பாய்க்கு அது தொடர்ச்சியாகப் பதினைந்தாவது கோப்பை.

1979இல் பேடியின் காலம் முடிந்து இடம் மெய்யாகவே காலியானது. அது போனது திலீப் தோஷிக்கு. அவரும் 1968 முதல் காத்திருந்தவர். 31 வயதில் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அறிமுகமாகி முதல் இன்னிங்ஸில் 6 விக்கெட்டுகளை எடுத்தார். அப்போது கோயலுக்கு 37 நிறையும் தறுவாய்; ஷிவால்கருக்கு 39. பின் 1981 பிப்ரவரியில் நியூசிலாந்துப் பயணத்தில் தோஷி காயமுற, விமானத்தில் வரவழைத்தது பம்பாயின் 18 வயது ரவி சாஸ்திரியை. வெலிங்டனில் பத்தாவது ஆட்டக்காரராக இறங்கியவர் பிற்காலத்தில் தொடக்க மட்டையாளராகவும் ஆனார். 1982 டிசம்பரில் மணிந்தர் சிங் 17 வயதில் வந்தார். காத்திருந்தவர்களைத் தாண்டி இளையோரிடம் இடம் சென்றது. காத்திருப்பு நீள நீள, காத்திருந்ததே தகுதிக் குறைவாக மாறும் விந்தை இங்கே தொடங்குகிறது. 'எதிர்காலத்துக்கான முதலீடு' என்ற சொற்றொடர் இன்று தேர்வு விவாதங்களில் சாதாரணம். அந்தத் தர்க்கத்தின் தெளிவான முன்னுதாரணம் சாஸ்திரியின் வெலிங்டன் பயணம். காவஸ்கர் தாம் போற்றிய ஆட்டக்காரர்கள் பற்றி எழுதிய நூலில் கோயலுக்கும் ஷிவால்கருக்கும் இடமளித்தார். வாரியம் 2017இல் இருவருக்கும் சி.கே. நாயுடு வாழ்நாள் சாதனை விருதை வழங்கியது.

டெஸ்ட் ஆடியவர்களிலும் இதே கணக்குக்கு இரையானவர்கள் உண்டு. சென்னையின் வி.வி. குமார் 1961இல் தில்லியில் பாகிஸ்தானுக்கு எதிரான அறிமுக இன்னிங்ஸில் 64 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகள் வீழ்த்தினார். அதற்குப்பின் அவர் ஆடியது ஒரே ஒரு டெஸ்ட். 1964 ஜனவரியில் சந்திரசேகர் வந்தார். லெக் ஸ்பின்னுக்கான இடம் அடைபட்டது. தென்மண்டல அணியிலேயே பிரசன்னா, சந்திரசேகர், வெங்கட்ராகவன் மூவரும் இருந்தபோது, டெஸ்ட் அணி இருக்கட்டும், துலீப் கோப்பையிலேயே தமக்கு ஓரிடம் பிடிக்க வேண்டிய நிலை. முதல்தர ஆட்டங்களில் அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் 599.

மட்டையாளர் பக்கம் ஓர் இணையை வைத்துப் பார்க்கலாம். ஜி.ஆர். விஸ்வநாத் 1967-68இல் மைசூருக்காகத் தம் முதல் முதல்தர ஆட்டத்தில் ஆந்திரத்துக்கு எதிராக 230 எடுத்தார். இரண்டே ஆண்டில், 1969 நவம்பரில் கான்பூரில் டெஸ்ட் அறிமுகம்: பூஜ்யம், 137. அமோல் முஜும்தார் 1993-94இல் பம்பாய்க்காகத் தம் முதல் ஆட்டத்தில் ஹரியாணாவுக்கு எதிராக 260 எடுத்தார். அறிமுக ஆட்டத்துக்கு அப்போது அதுவே உலகச் சாதனை. அந்த ஆட்டத்தையும் சேர்த்து மொத்தம் 171 முதல்தர ஆட்டங்கள், 11,167 ஓட்டங்கள், 30 சதங்கள். டெஸ்ட் இல்லை. இரண்டு பையன்களின் தொடக்கமும் ஏறத்தாழ ஒன்றே. வேறுபட்டது காலியிடம். 1969இல் தேர்வுக்குழுத் தலைவராக இருந்த மெர்ச்சன்ட் பழைய அணியைக் கலைத்து இளையோரைப் புகுத்தும் முடிவில் இருந்தார். அந்தப் பருவத்தில் மட்டும் சேத்தன் சௌஹான், அசோக் மன்கட், ஏக்நாத் சோல்கர், மொகிந்தர் அமர்நாத் என்று வரிசையாக அறிமுகங்கள். 1996இல் இங்கிலாந்தில் இதைப் போன்றதொரு வாசல் திறந்தது: சித்து பாதியில் நாடு திரும்பினார், மஞ்ச்ரேக்கருக்குக் கணுக்காலில் காயம். லார்ட்ஸில் கங்குலியும் திராவிடும் ஒரே டெஸ்டில் அறிமுகமாகி முறையே 131, 95 எடுத்தனர். முஜும்தார் அந்தப் பயண அணியில் இல்லை. ஆண்டு முடிவதற்குள் லட்சுமணும் வந்துவிட, டெண்டுல்கரோடு சேர்ந்து அந்த நால்வர் நடுவரிசையைப் பல்லாண்டுகளுக்குப் பூட்டினர். கங்குலி 2008இல் விலகினார், திராவிடும் லட்சுமணும் 2012இல், டெண்டுல்கர் 2013இல்.

அந்தப் பூட்டுக்கு வெளியே நின்றவர் தமிழ்நாட்டின் பத்ரிநாத்தும். முதல்தரச் சராசரி 54.49. திராவிடும் லட்சுமணும் காயமுற்றதால் 2010இல் நாக்பூரில் அறிமுகமாகி 56 எடுத்தார். அவர் ஆடிய டெஸ்டுகள் இரண்டு. நால்வரும் விலகி இடங்கள் மெய்யாகவே திறந்தபோது புஜாரா, கோலி, ரஹானே ஆகிய இளையோர் வந்துவிட்டனர். தோஷிக்குப் பின் சாஸ்திரி வந்த கதையேதான்.

இதுவரை சொன்னவற்றில் ஒன்று மாறாமல் இருந்தது. காலியிடம் வரும்போது தேர்வாளர் கையில் எடுத்துப் பார்த்தது முதல்தர ஆட்ட ஏடுதான். அந்த ஏட்டை மண்டலக் கண்ணாடி வழியாகவோ வயதுக் கண்ணாடி வழியாகவோ படித்திருக்கலாம், ஏடு அதுதான். 2008க்குப் பின் இது மாறியது. 2021 ஜனவரி பிரிஸ்பேன் டெஸ்டை நினைவில் கொள்க. அடுத்தடுத்துக் காயங்களால் அணி காலியாகிப்போன நிலையில், வலைப்பயிற்சியில் பந்துவீசுவதற்கென உடன் தங்கவைத்திருந்த வாஷிங்டன் சுந்தரும் சின்னப்பம்பட்டி நடராஜனும் அறிமுகமாயினர். வாஷிங்டன் மூன்றாண்டுகளாக முதல்தர ஆட்டம் ஆடாதவர். முதல் இன்னிங்ஸில் 62 எடுத்து அணியை நிமிர்த்தினார்; டெஸ்டும் தொடரும் வென்றன. தமிழர் என்ற முறையில் நாம் மகிழ்ந்ததில் தவறில்லை. ஆயினும் ஆய்வாளர் கண்ணுக்கு அது ஒரு திருப்பம்: அவர்களை அங்கே கொண்டுசேர்த்த சான்று ரஞ்சி ஏட்டில் இருந்ததைவிட ஐ.பி.எல்.லில்தான் அதிகம் இருந்தது. தொற்றுநோயால் ரஞ்சிக் கோப்பை தொடங்கிய நாள்முதல் முதன்முறையாக நடக்காமல்போன பருவமும் அதுவே.

அதற்கடுத்த மாதம் சேப்பாக்கத்தில், அக்சர் படேலுக்கு முழங்காலில் பிரச்சினை என்பதால் ஜார்க்கண்டின் ஷாபாஸ் நதீம் ஆடினார். 2015-16, 2016-17 ஆகிய அடுத்தடுத்த ரஞ்சிப் பருவங்களில் ஐம்பதுக்கு மேல் விக்கெட் எடுத்தவர். 2019 அக்டோபரில் ராஞ்சியில் அறிமுகமானதும் குல்தீப் யாதவின் தோள்வலியால் முந்தின நாள் வந்த அழைப்பில்தான். சேப்பாக்கத்தில் இந்தியா தோற்றது. அடுத்த டெஸ்டில் அக்சர் உடல்தேறி வந்து ஐந்து விக்கெட் எடுத்தார். நதீமின் டெஸ்ட் வாழ்க்கை இரண்டோடு முடிந்தது. அவரும் இடக்கைச் சுழலர். அவருக்கு முன்னே நின்றவர் ஜடேஜா. பேடி, கோயல் என்ற பெயர்களை மாற்றிப் போட்டால் போதும்.

மும்பையின் சர்பராஸ் கான் 2019-20 பருவத்தில் 928, 2021-22இல் 982 ஓட்டங்கள் குவித்தார். இரண்டிலும் சராசரி நூற்றுக்கு மேல். 2023 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நடுவரிசையில் ஓரிடம் காலியானபோது நாக்பூரில் அறிமுகமானவர், இருபது ஓவர் ஆட்டங்களில் புகழின் உச்சியில் இருந்த சூரியகுமார் யாதவ். சர்பராஸுக்கு மேலும் ஓராண்டு. கோலி விலகியிருக்க, ராகுல் காயமுற்றிருக்க, 2024 பிப்ரவரியில் ராஜ்கோட்டில் இறங்கி இரண்டு இன்னிங்ஸிலும் அரைச்சதம் அடித்தார். வங்காளத்தின் அபிமன்யு ஈஸ்வரன் நூற்றுக்கு மேற்பட்ட முதல்தர ஆட்டங்களும் இருபத்தைந்துக்கு மேற்பட்ட சதங்களும் கண்டவர். 2021இல் இங்கிலாந்துக்கு மாற்று ஆட்டக்காரராகச் சென்றது தொடங்கி 2022 வங்கதேசம், 2024-25 ஆஸ்திரேலியா, 2025 இங்கிலாந்து என்று அணியோடு பயணம் செய்தார். அவற்றுள் ஒரு டெஸ்டிலும் ஆடவில்லை. கோயல் காலத்தில் தொலைவில் நின்று காத்திருந்தனர். இப்போது ஆட்டக்காரர்களின் அறையிலேயே உட்கார்ந்து காத்திருக்கின்றனர்.

ரஞ்சி ஏடு முற்றிலும் செல்லாக்காசாகிவிட்டது என்று சொல்வோரோடு நான் உடன்படவில்லை. மயங்க் அகர்வால் 2017-18இல் 1,160 ஓட்டங்கள் எடுத்து, அடுத்த ஆண்டு மெல்பர்னில் அறிமுகமானார். 2010 டிசம்பரில் முதல் டெஸ்ட் ஆடிய ஜெயதேவ் உனத்கட், இடையில் இந்தியா 118 டெஸ்டுகளை ஆடி முடித்தபின், 2022 டிசம்பரில் மிர்பூரில் இரண்டாவது டெஸ்ட் ஆடினார். அவரைத் திரும்பக் கொண்டுவந்தது 2019-20 பருவத்தில் சௌராஷ்டிரத்துக்காக வீழ்த்திய 67 விக்கெட்டுகளும் அந்தக் கோப்பையும்தான். 2016இல் சேப்பாக்கத்தில் ஆட்டமிழக்காமல் 303 எடுத்துவிட்டு, சில மாதங்களில் இடமிழந்த கருண் நாயர், 2024-25இல் விதர்பாவுக்காக 863 ஓட்டங்கள் எடுத்து எட்டாண்டுகளுக்குப்பின் லீட்ஸில் திரும்பினார். வழி இருக்கிறது. ஆனால் அந்த வழியில் மட்டும் நடப்பவர் மற்றவரைவிட இருமடங்கு தொலைவு நடக்க வேண்டியிருக்கிறது.

நம் போன்றோர் இதில் அக்கறை கொள்ள ஏதுவுண்டு. ரஞ்சிக் கோப்பையில் இன்று 38 அணிகள். ஒரே சுற்றில் எல்லா அணிகளும் களமிறங்கினால் 418 பேர். டெஸ்ட் இடங்கள் பதினொன்று. ஐ.பி.எல். ஒப்பந்தம் உள்ளவர் அந்த 418 பேரில் சிறுபான்மையினர். மற்றவர்க்கு ஒரு நாளைக்கு நாற்பதாயிரம் முதல் அறுபதாயிரம் வரையிலான ஆட்ட ஊதியம். ஆடும் பதினொருவரில் இருந்தால் முழுமையாக, இல்லையெனில் பாதி. முன்னர் வங்கியும் ரயில்வேயும் அளித்த நிலையான வேலை என்ற பிடிமானமும் தளர்ந்துவருகிறது. டெஸ்ட் தேர்வுக்கான சான்று வேறு மேடைக்கு முழுமையாக நகர்ந்துவிட்டால், நான்கு நாள் ஆட்டத்தை ஒருவர் பதினைந்து ஆண்டுகள் எதற்காக ஆட வேண்டும் என்ற கேள்விக்கு வாரியத்திடம் விடை இருந்தாக வேண்டும். ரஞ்சியில் 6,000 ஓட்டங்களையும் 400 விக்கெட்டுகளையும் சேர்ந்து எட்டிய முதல் ஆட்டக்காரர் ஜலஜ் சக்சேனா. 2024 நவம்பரில் கேரளத்துக்காக ஆடும்போது அதை எட்டினார். சர்வதேச ஆட்டம் எதிலும் அவர் ஆடியதில்லை.

வாய்ப்புப் பெறாதவர்களின் அறிவை விளையாட்டு வேறு வழிகளில் பயன்படுத்திக்கொள்ளத் தொடங்கியிருக்கிறது. 2025 நவம்பரில் இந்திய மகளிர் அணி உலகக் கோப்பையை வென்றபோது அதன் தலைமைப் பயிற்சியாளர் முஜும்தார். அதற்குச் சில வாரங்களுக்கு முன் கிரிக்கெட் வாரியத்தின் தலைவராகத் தேர்வான மிதுன் மன்ஹாஸ் 157 முதல்தர ஆட்டங்கள் ஆடி, டெஸ்ட் ஆடாதவர்.

கருண் நாயரின் மறுவருகைக்கு வழிவகுத்த அதே 2024-25 பருவத்தில், அதே விதர்பா அணியில், 22 வயதான ஹர்ஷ் துபே 69 விக்கெட்டுகள் வீழ்த்தினார். ரஞ்சிக் கோப்பையின் ஒரு பருவத்தில் எவரும் எடுக்காத எண்ணிக்கை. அவரும் இடக்கைச் சுழல்வீச்சாளர்.